சாக்குக்கடை அண்ணாச்சியின் பீடி

பிளாஸ்டர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஷீலா தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு அப்பாவின் மூக்குத்தண்டில் தடவி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். நூலளவு எழும்பி அப்படியே நின்றது. இரண்டு மாதமாக அந்த மூக்கு வழியாகத்தான் கஞ்சி உள்ளே போனது. குழாயை உருவி, பிளாஸ்டரை எடுத்து, முகத்தைத் துடைத்து, ஆட்கள் வரத் தொடங்குமுன் சுயம்புலிங்கத்தைப் பழைய சுயம்புலிங்கமாக ஆக்கிவிட வேண்டும். மூச்சு நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலையில் போட்ட பால் பாக்கெட் இன்னும் வாசலிலேயே கிடந்தது.

"மெதுவா இழுட்டி, வலிக்கும்லா," என்றாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஞானபூரணம். சொல்லிவிட்டு, இனி யாருக்கு வலிக்கும் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

ஷீலாவுக்கு அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது. பெற்ற தகப்பன் கண்ணெதிரே கிடக்கும்போது மகளுக்குக் கொட்டாவி வருகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்ல? புளியங்குடியில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்றரை வருஷமாக மாதத்தில் பாதியைச் சங்கரன்கோவில் வீட்டிலும் திருநெல்வேலி பஸ்ஸிலுமாகக் கழித்தவள். தம்பி லிங்கேஷ் திருப்பூரில் வேலை பார்க்கிறான், நினைத்த நேரம் வரமுடியாது. பி.எஸ்ஸி. படித்த பாவத்துக்கு ஆஸ்பத்திரி ஃபைல் அவள் கைக்கு வந்தது, அன்றைக்குத் தூக்கியதை இன்றுவரை அவள் இறக்கி வைக்கவில்லை.

ஒருவழியாகக் குழாய் உருவி வந்தது. பிளாஸ்டர் இருந்த இடம் மட்டும் மூக்குத்தண்டில் வெளுத்துத் தெரிந்தது.

"மூக்காண்டி வருவான்," என்றாள் ஞானபூரணம் திடீரென்று. "சேதி கேட்டதும் ஓடியாருவான். அவன் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. இப்பமே சொல்லிட்டேன்."

"எம்மா, இன்னைக்குமா?"

"இன்னைக்குத்தாம்ட்டி."

மூக்காண்டி, சுயம்புலிங்கத்தின் சாக்குக்கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். பழைய சணல் சாக்குகளை வாங்கி, உதறி, தரம் பிரித்து, கிழிசலைத் தைத்து, கட்டுக்கட்டாக விற்கிற கடை. புளியங்குடி எலுமிச்சம்பழமும் திருவேங்கடம் பக்கத்து மிளகாய் வத்தலும் அந்தச் சாக்குகளில்தான் வெளியூர் போயின. சணல் என்றால் ஒரு பொறி போதும். அதனால் கடைக்குள் பீடி வாசனையே வரக்கூடாது என்பது சுயம்புலிங்கத்தின் சட்டம். மூக்காண்டியோ பீடி இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காதவன். காலையில் வந்ததும் மடியிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து வெளிச்சுவர் மேல் வைத்து, காற்றில் போகாமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான். மறந்து நுழைந்துவிட்டால், "வெளிச்சுவர் மேல வச்சுட்டு உள்ள வா," என்று கல்லாவிலிருந்து சத்தம் வரும். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சத்தம் எத்தனையோ ஆயிரம் தடவை வந்திருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், ஆளில்லாத நேரத்தில் மூக்காண்டியிடம் வாங்கித் திருட்டுத்தனமாகப் பீடி குடித்தார், அதில்தான் தொண்டையில் புற்று வந்தது என்று வீடும் சொந்தபந்தமும் நம்பின. நம்ப வைத்தவள் ஷீலா.

ஷேவிங் பண்ணும்போது கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டதுதான் ஆரம்பம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. திருநெல்வேலியில் பார்த்து, தொண்டைச் சதையில் புற்று என்றார்கள். சதையை வெட்டி அனுப்பியதில் பத்து நாள் கழித்து இன்னொரு ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு அப்பாவும் ஷீலாவும் மட்டும்தான் போயிருந்தார்கள். நல்ல வேளையா கெட்ட வேளையா, அது இன்னமும் ஷீலாவுக்குத் தெரியவில்லை.

டாக்டர் அம்மாள் முகம் மலர்ந்துதான் பேசினாள். "ஐயா, இந்த எடத்துல வர்ற கேன்சர் ரெண்டு வகை. பீடி, சிகரெட், புகையிலை, சாராயத்தால வர்றது ஒண்ணு. ஹெச்.பி.வி.ங்கிற வைரஸால வர்றது இன்னொண்ணு. உங்களுக்கு வைரஸ் பாசிட்டிவ். பாசிட்டிவ்னதும் பயந்துராதீங்க, இதுல அது நல்ல சேதி. கரன்ட்டுக்கும், அதாவது கதிர் சிகிச்சைக்கும், மருந்துக்கும் நல்லாக் கேட்கும். மத்த வகைல அஞ்சு வருஷத்தைத் தாண்டுறது பத்துக்கு அஞ்சு பேருன்னா, இதுல எட்டுப் பேர் தாண்டிடுறாங்க."

"அப்ப மருந்து கம்மியாப் போதுமா டாக்டர்?" என்றாள் ஷீலா.

"வெளிநாட்டுல குறைச்சுக் கொடுத்துப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இன்னும் தைரியமாச் சொல்ற அளவுக்கு வரல. நாம முழுசாவே கொடுத்துருவோம். முப்பத்தஞ்சு தடவை கரன்ட், வாரம் ஒரு ஊசி."

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "அந்த வைரஸு எப்படிம்மா வரும்? தண்ணியிலயா?"

டாக்டர் ஷீலாவை ஒருமுறை பார்த்துவிட்டு, மறைக்காமல் சொன்னாள். ஆண் பெண் உறவில் வருவது. வாய் வழியாகவும் வரும். "கல்யாணமானவங்கள்ல பாதிப் பேருக்கு மேல எப்பவாவது ஒரு தடவை வந்து, தானாவே போயிருக்கும். யாரோ ஒருத்தருக்குத்தான் இருபது வருஷம், முப்பது வருஷம் ஒளிஞ்சு கெடந்து இப்படி ஆகும். யார்கிட்ட இருந்து, எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க ஐயா. அதைத் தேடுறதுல அர்த்தமும் இல்ல. இனிமே பக்கத்துல இருக்கவங்களுக்குப் பரவிருமோன்னும் பயம் வேண்டாம்."

சுயம்புலிங்கம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஷீலா மேஜைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தாள். தகப்பனும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிற பேச்சா அது! திரும்புகிற பஸ் தேவர்குளத்தைத் தாண்டியது.

அதற்குப் பிறகு அவர்தான் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். "அம்மாட்ட என்னன்னு சொல்லப் போற?"

"கேன்சர்னு சொல்லுவோம். வேற என்னத்தச் சொல்ல?"

"எதனாலன்னு கேப்பாள்லா. அவ கேக்காட்டாலும் வாரவன் போறவன் கேப்பான்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பீடின்னு சொல்லிரு."

"எப்பா, நீங்க பீடியே குடிச்சதில்லயே."

"குடிச்சேன்னு சொல்லு. மூக்காண்டிட்ட நான் பேசிக்கிடுதேன்."

நான் தப்பு ஏதும் பண்ணலம்மா என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் பம்பாயில் மளிகைக்கடையில் இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் யோசிக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது, யோசித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. ரிப்போர்ட்டில் அந்த ஒரு தாளை மட்டும் உருவித் தன் ஹேண்ட்பேக்கில் சொருகினாள்.

பீடி என்று கேட்டதும் ஞானபூரணம் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "முப்பது வருஷமா என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கியளே! ஊருக்கெல்லாம் பீடி குடிக்காதம்பிய, நீங்க மட்டும் பதுங்கிப் பதுங்கிக் குடிச்சியளா?" என்று ஆரம்பித்தவள், மறுநாள் கடைக்கே போய் மூக்காண்டியை நடுத்தெருவில் வைத்துக் கிழித்துவிட்டாள். மூக்காண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஆமாக்கா, நாந்தான் குடுத்தேன்," என்றான். அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது அது. அன்றோடு அவனுக்கு வீட்டு வாசல் அடைபட்டது. கடையில் சாக்கு உதறலாம், வீட்டுப்பக்கம் தலைகாட்டக் கூடாது.

பொய் சொன்னால் அதற்குக் காவலும் இருக்க வேண்டும். கரன்ட் வைக்கத் தொடங்குமுன் ஞானபூரணமும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "முப்பது வருஷமாப் பீடி டாக்டர்!" என்று போட்டு உடைத்தாள். டாக்டரின் முகம் மாறிவிட்டது. "இவ்வளவு பீடி உண்டா? ஏன் முதல்லயே சொல்லல? வைரஸ் வகையோட பீடியும் சேந்துச்சுன்னா எட்டுன்னு சொன்னது எட்டா நிக்காதே," என்று ஃபைலில் எழுதிக்கொண்டாள். நல்லவேளை, வைரஸ் என்ற சொல் ஞானபூரணத்தின் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. வெளியே வந்ததும், குடையை மறந்துவிட்டேன் என்று ஷீலா திரும்ப உள்ளே ஓடி, "டாக்டர், எங்கப்பா ஒரு பீடிகூடக் குடிச்சதில்ல, அதை அடிச்சிருங்க," என்றாள். டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் அந்த வரியை அடித்துவிட்டு, "குடையை எடுத்துக்கோங்க," என்றாள். குடையே கொண்டுபோகவில்லை.

முப்பத்தைந்து தடவையும் ஆயிற்று. கழுத்துத் தோல் கருகி உரிந்தது, நாக்கில் ருசி செத்தது, எச்சில் வற்றியது. பச்சைத்தண்ணீர் குடிக்கவே அழுதார். ஆனால் கட்டி கரைந்துவிட்டது. அடுத்து எடுத்த ஸ்கேனைப் பார்த்து, "தொண்டை சுத்தம். நான் சொன்னேன்லா, அந்த எட்டுல ஒருத்தர் உங்கப்பா," என்றாள் டாக்டர். ஷீலா அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று வாய்விட்டு அழுதாள். ஒன்றரை வருஷத்தில் அவள் அழுதது அந்த ஒரு நாள்தான், அதுவும் சந்தோஷத்தில்.

எட்டு மாதம் அப்படிப் போனது. பிறகு இருமல் வந்தது. தொண்டை சுத்தமாகத்தான் இருந்தது, நுரையீரலில் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிட்டது. "சில பேருக்கு இப்படி வேற எடத்துல தலை தூக்கும்மா. பத்துல ரெண்டு பேருன்னு ஒண்ணும் இருக்குல்லா," என்றாள் டாக்டர், மேஜையைப் பார்த்துக்கொண்டு. வீட்டுக்கு வந்து சொன்னதும் ஞானபூரணம், "பின்ன? பீடிப் புகை நெஞ்சுக்குள்ள போவாம எங்க போவும்?" என்று புது பலத்தோடு தொடங்கினாள். கஞ்சி வடிகட்டும்போதும் ஏச்சு, குழாயில் ஊற்றும்போதும் ஏச்சு. ஏசிக்கொண்டேதான் அவர் முதுகைத் தடவி விடுவாள், ஏசிக்கொண்டேதான் துணி மாற்றுவாள். ஒருநாள் ஷீலாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, "எப்பா, சொல்லிருதேன், இதுக்குமேல என்னால கேக்க முடியாது," என்றாள். பேச்சு அடைத்துப்போயிருந்த சுயம்புலிங்கம் கடை பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். 'ஏசட்டும். ஏசுதவரைக்கும் கேக்க மாட்டா.'

பத்து மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. தெருவில் பந்தல் போட்டு, நாற்காலி இறக்கினார்கள். ஆனி மாதத்து மேல்காற்று பந்தல் துணியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்துவிட்டு, ஷீலாவின் கையைப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பீடியாம்லா?" ஆமாம் என்று தலையாட்டித் தலையாட்டி அவளுக்குக் கழுத்து வலித்தது.

எதிர்வீட்டுத் தையல்கடை ஓரமாக மூக்காண்டி நின்றான். ஏழு மணிக்கே வந்துவிட்டான். படி ஏற வேண்டாம் என்று இன்றைக்கு யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனாகவே ஏறவில்லை. ஐம்பதைத் தாண்டியவன், தலையில் துண்டுகூட இல்லாமல் வெயிலில் நின்றான். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. ஷீலா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எத்தனை மணிக்குத்தா எடுக்காவ?" என்றான்.

"நாலு மணிக்குண்ணே. தம்பி வந்ததும் நீர்மாலை."

"சரித்தா." சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். "எடுக்கும்போது எப்படியும் இந்த வழியாத்தான கொண்டுபோவாவ. அப்ப பாத்துக்கிடுதேன். மொகத்த மூடிர மாட்டாவல்லா?"

ஷீலா சொம்போடு திரும்பி வந்தாள். எடுக்கும்போது முகம் தெரியுமா? மாலையும் பூவுமாக எட்டுப் பேர் தோளில் போகிறபோது தெருவோரம் நிற்கிறவனுக்கு என்ன தெரியும், பாதம் தெரியும். உள்ளே போய் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. போதாததற்கு, சொன்னால் அம்மா அடுத்துக் கேட்கப்போகிற கேள்வியும் நின்றது. பீடி இல்லையென்றால் பிறகு என்ன? செத்தவரைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அதற்கு எந்த மகள் பதில் சொல்வாள்?

மதியம் லிங்கேஷ் வந்து சேர்ந்தான். பங்காளிகளோடு போய்ச் சங்கு ஊத, அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தான். குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக் கூடத்தில் கிடத்தினார்கள். மணி மூன்றேகால். அப்போதுதான் சுயம்புலிங்கத்தின் அக்காள் ராஜகுமாரி எழுந்தாள். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம், ஆசைப்பட்ட பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். தாத்தாவுக்கு வெற்றிலைச் செல்லம், பெரியப்பாவுக்கு மூக்குப்பொடி மட்டை.

"எந் தம்பி பீடிக்கு ஆசைப்பட்டு உசுர விட்டவன்," என்றாள் ராஜகுமாரி மூக்கைச் சிந்திக்கொண்டு. "இனி யாரு அவனை ஏசப் போறா? ஏலே லிங்கேஷு, ஒரு கட்டு வாங்கியாந்து அப்பா கையில வையி. நிம்மதியாக் குடிச்சுக்கிட்டே போட்டும்."

ஷீலா அம்மாவைப் பார்த்தாள். ஞானபூரணம் தலை நிமிரவில்லை, தரையில் விரலால் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள்.

லிங்கேஷ் ஷீலா பக்கத்தில் வந்து குனிந்தான். "அக்கா, அப்பா என்ன பீடி குடிப்பாவ?"

எந்தப் பீடி என்று இந்த உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. "எனக்கெப்படிலே தெரியும்," என்றாள் எரிச்சலோடு.

"மூக்காண்டிண்ணனுக்குத் தெரியும்லா," என்று அவனே சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினான். ஷீலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லிங்கேஷ் கேட்டதும் மூக்காண்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மடியை அவிழ்த்து, பாதி தீர்ந்த தன் பீடிக்கட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டு, முகத்தைத் தையல்கடைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவ்வளவுதான், ஷீலாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செத்த பிறகும் இந்த மனுஷன் பொய் சுமக்க வேண்டுமா? கிட்டே வந்தாலே முகத்தைச் சுளிக்கிற வஸ்துவைக் கையில் வைத்துக் கொளுத்துவார்களாம், அதைப் பார்த்துக்கொண்டு அவள் வாய்க்கரிசி போட வேண்டுமாம். வாக்காவது ஒன்றாவது! அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, அடுக்களைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எம்மா. அப்பா பீடி குடிச்சதில்ல. ஒரு நாள்கூடக் குடிச்சதில்ல. நான் சொன்னது பொய்."

ஞானபூரணம் கேஸ் அடுப்பின்மேல் இருந்த கஞ்சி வடிகட்டுகிற துணியை எடுத்து மடித்தாள். மடித்ததை மறுபடியும் மடித்தாள்.

"தெரியும்ட்டி," என்றாள்.

ஷீலா சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"முப்பத்திரண்டு வருஷம் கூடக் கெடந்தவளுக்குப் பீடி நாத்தம் தெரியாதா? நீ வந்து சொன்ன அன்னைக்கே தெரியும். அவிய மொகத்தைப் பாத்தேன், உன் மொகத்தைப் பாத்தேன். ரெண்டு பேருமா என்னத்தையோ மறைக்கியன்னு தெரிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா வைரஸுன்னு சொன்னதும் காதுல விழத்தான் செஞ்சுது. நீ கொண்டே போவாத கொடைய எடுக்க ஓடுன."

"பின்ன எதுக்கும்மா? எதுக்கு அப்படிப் போட்டு ஏசுனீங்க?"

"பீடின்னா ஏசலாம்லா." ஞானபூரணம் மடித்த துணியைப் பிரித்தாள். "பீடின்னா வாய்விட்டு ஏசிட்டு, கஞ்சியையும் ஊத்தி விட்டுரலாம். வேற என்னமோன்னா நான் எப்படி ஏச? ஏசாம பக்கத்துல எப்படி இருக்க? அதான் பீடியவே புடிச்சுக்கிட்டேன். நல்லா ஏசிட்டேன், பாவி. ஒரு நாளாவது சும்மா இருந்திருக்கலாம்."

"மூக்காண்டிண்ணன் என்ன பாவம் பண்ணுனாரு?"

"அவனுக்குப் பொய் சொல்ல வராதுட்டி. இங்கன வந்து என் முன்னால நின்னான்னா நான் கேட்டுருவேன். கேட்டா அவன் சொல்லிருவான். அதுக்குத்தான் படி ஏறாதன்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு வந்தா இன்னைக்கும் கேட்டுருவேனோன்னு பயந்துட்டேன்."

ஆக, அப்பா, அம்மா, அவள் என்று மூன்று பேரும் ஒரு பொய்யை ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல். ஷீலாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் தெம்பு இல்லை. ஹேண்ட்பேக் அடுக்களை ஆணியில்தான் தொங்கியது. அந்த ரிப்போர்ட் தாள் அதற்குள்ளேயே இருந்தது.

"எம்மா, அப்பா மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா. டாக்டரே சொன்னாவ. யாருக்கு வேணும்னாலும் வரும்னு..."

"வேண்டாம்." ஞானபூரணம் அவள் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். கையில் பூண்டு வாசனை அடித்தது. "தப்பு இருந்தாலும் எனக்கு அவியதான், இல்லாட்டாலும் அவியதான். உங்கப்பா சொல்ல வேண்டாம்னு நெனச்சத நீ சொல்லாத. எப்படியோ ஒன்றரை வருஷம் பொத்திக் காத்துட்ட."

வெளியே சங்கு ஊதினார்கள். மணி மூன்றே முக்கால் ஆகியிருக்கும்.

கூடத்தில் லிங்கேஷ் பீடிக்கட்டோடு நின்றான். விரல்களை விரித்து உள்ளே செருகுவதற்கு ராஜகுமாரி குனிந்திருந்தாள். ஞானபூரணம் நேரே போய் மகன் கையிலிருந்து கட்டை வாங்கினாள்.

"இது மூக்காண்டிக்குள்ளது மதினி," என்றாள். "அவியளுக்குப் பீடி வாசனையே ஆவாது."

"என்னட்டி சொல்லுத? பீடியிலதான..."

"ஆவாது மதினி."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்னவாம் என்று கேட்க ராஜகுமாரிக்கு வாய் வரத்தான் செய்தது, ஆனால் ஞானபூரணத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஞானபூரணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிப் படியில் நின்றாள்.

"ஏலே மூக்காண்டி."

மூக்காண்டி தெருவைக் கடந்து வந்தான். படிக்கு நாலடி முன்னாலேயே நின்றான்.

ஞானபூரணம் பீடிக்கட்டை நீட்டினாள். "இத வெளிச்சுவர் மேல வச்சுட்டு உள்ள வா."

அவன் வாங்கவில்லை. கேட்டது யார் குரல் என்று தெரியாதவனைப் போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாங்கினான். வீட்டின் காம்பவுண்ட் சுவர்மேல் கட்டை வைத்து, மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்து, கீழே கிடந்த செங்கல் துண்டைத் தூக்கி இரண்டின் மேலும் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, அண்ணாச்சியின் தலைமாட்டில் போய் விழுந்தான். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்காத அழுகை அப்போது கேட்டது.

அழுது ஓய்ந்து எழுந்ததும் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தான். கடையில் சுயம்புலிங்கம் சாக்குத் தைக்கிற ஊசி. நுனியில் ஒரு துண்டு சணல் நூல் கோத்தபடியே இருந்தது. யாரையும் கேட்காமல் அதை அவர் வலது கைக்குள் வைத்து விரல்களை மடக்கினான். ஷீலா வாய்க்கரிசி போட்டாள். முகத்தில் பிளாஸ்டர் தடம் பாதி மறைந்திருந்தது.

நாலு மணிக்கு எடுத்தார்கள். தலைமாட்டில் வலது தோள் மூக்காண்டியுடையது. பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிடத் தண்ணீர் போதவில்லை, ராஜகுமாரி மோட்டாரைப் போடச் சொல்லிச் சத்தம் போட்டாள். ஈரச்சேலையோடு வந்த ஷீலாவுக்கு இப்போது மெய்யாகவே கண்ணை இழுத்தது. வாசலில் சாய்ந்து நின்றாள்.

ஞானபூரணம் காம்பவுண்ட் சுவரண்டை நின்றுகொண்டிருந்தாள். மேல்காற்று அடித்த அடியில் செங்கல் துண்டு ஒரு பக்கமாக நகர்ந்து, பீடிக்கட்டின் நூல் துடித்துக்கொண்டிருந்தது. கல்லை எடுத்து நேராக வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தீப்பெட்டியை மட்டும் எடுத்து ஒரு முழம் தள்ளி வைத்து, அதற்குத் தனியாக இன்னொரு கல் தேடினாள்.